என்ஜினுக்கு இருக்கும் கண்காணிப்பு காக்பிட்டுக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தனி விமானப் பயணம் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மணிக்கு என்ன வாடகை, இருக்கையின் தோல் எப்படிப்பட்டது, சாப்பாடு எந்த ஓட்டலிலிருந்து வருகிறது, கல்யாணக் கோஷ்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று எல்லா விவரமும் இருந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற இரண்டு பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விட்டுப்போன அந்த விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஏ.எம்.இ. விமானத்தைப் பராமரித்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிற வேலை. மீனம்பாக்கத்தில் ஒரு விமான நிறுவனத்தில் தொடங்கி, பணிக்காலத்தின் பிற்பாதியைச் சார்ட்டர் விமானங்களோடு, அதாவது வாடகைக்கு விடும் தனி விமானங்களோடு கழித்தேன். முதலில் கிங் ஏர் என்கிற டர்போப்ராப் (முன்னால் விசிறி சுழலும் சிறிய விமானம்), அப்புறம் சிறிய ஜெட்கள். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. விமானம் கிளம்பும்போது அதன் மூக்குக்கு முன்னால் தரையில் நிற்பவர்கள் நாங்கள். உள்ளே இருப்பவர், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் பயன்படும் கன்ட்ரோலை முழுக்க இழுத்து, தள்ளி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாரா என்பது இறக்கை ஓரத்திலும் வாலிலும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்பவர் யார், பாதி செய்பவர் யார், ஒன்றுமே செய்யாமல் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்கிறவர் யார் என்பது ஹேங்கரில் எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு விபத்தை விவரமாகச் சொல்கிறேன். 2014 மே 31 இரவு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் உள்ள ஹான்ஸ்கம் விமான நிலையத்திலிருந்து ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 கிளம்பியது. போக வேண்டிய இடம் அட்லாண்டிக் சிட்டி. பயணிகளில் ஒருவர் லூயிஸ் காட்ஸ். பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையைக் கைப்பற்றும் ஏலத்தில் சில நாள் முன்புதான் வென்றிருந்தார். விமானம் தரையை விட்டு எழவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி, விளக்குக் கம்பங்களையும் ஆன்டெனாவையும் இடித்து, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

பழுது ஒன்றும் இல்லை. கஸ்ட் லாக் எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். விமானம் நிறுத்தியிருக்கும்போது காற்றில் வாலும் இறக்கை ஓரமும் ஆடி அடிபடாமல் இருக்கப் பூட்டுகிற பூட்டு அது. கைப்பிடி காக்பிட்டுக்குள்ளேயே, விமானியின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். என்ஜினைக் கிளப்புமுன் அதை எடுக்க வேண்டும் என்று செக்லிஸ்டில் இருக்கிறது. ஒருவேளை அதில் தவறினாலும், கிளப்பிய பிறகு கன்ட்ரோலை முழுக்க அசைத்துப் பார்க்கச் சொல்லும் வரியில் மாட்டிக்கொள்ளும். அசைக்கவே முடியாதே! அன்றைக்கு இரண்டுமே நடக்கவில்லை. ஓடுபாதையை நோக்கிப் போகும்போது 'ரடர் லிமிட்' என்ற, வால் சுக்கான் பற்றிய எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பார்த்தார்கள், ஏன் என்று பேசிக்கொண்டார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். வேகம் எடுத்த பிறகுதான் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தது. "லாக் ஆன்" என்று கேப்டன் திரும்பத் திரும்பச் சொல்வது குரல் பதிவில் இருக்கிறது. அப்போதும் உடனே பிரேக் போடவில்லை. ஓடிக்கொண்டே பூட்டை விடுவிக்கப் பார்த்ததில் விலைமதிப்பில்லாத விநாடிகள் போயின.

பூட்டு போட்டிருந்தால், என்ஜின் சக்தியைக் கூட்டுகிற த்ராட்டிலைப் பெரிதாக முன்னே தள்ள முடியாதபடி தடுக்க வேண்டிய ஏற்பாடும் அந்த விமானத்தில் சரியாக வேலை செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அது தயாரிப்பாளர், அங்கீகரித்தவர் பக்கத்துக் குறை. எனக்குத் தூக்கம் கெட்டது அதனால் இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விமானத்தின் தரவுப் பதிவுக் கருவியைப் பிரித்துப் படித்தது. அதற்கு முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 சதவீதத்தில் அந்த முழுச் சோதனை நடக்கவே இல்லை.

இருவரும் அனுபவசாலிகள். பல வருடம் சேர்ந்தே பறந்த ஜோடி. சிமுலேட்டர் என்கிற, தரையில் வைத்த போலி காக்பிட்டில் பயிற்சிக்குப் போய்த் தேறி வந்தவர்கள். அந்த நிறுவனம் வணிக விமானத் துறையின் சர்வதேசத் தணிக்கையில் இரண்டாம் நிலை வரை தேறி, சான்றிதழும் வைத்திருந்தது. கையேடு, தணிக்கை, பயிற்சி எல்லாமே இருந்தன. தினப்படி காக்பிட்டில் நடந்தது வேறு. அதற்குச் சாட்சி விமானத்திலேயே ஒரு பெட்டிக்குள் பதிவாகிக்கொண்டே இருந்தது. அதைப் படிக்க ஒரு விபத்து நடக்க வேண்டியிருந்தது.

அந்த இருவர் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் தப்பு. விபத்துக்குப் பிறகு வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில், அமெரிக்க வணிக விமானப் போக்குவரத்துச் சங்கம் 2013 முதல் 2015 வரையிலான 1,43,000-க்கும் அதிகமான பயணங்களின் தரவைப் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தது. ஏறக்குறைய 18 சதவீதப் பயணங்களில் இந்தச் சோதனை அரைகுறை, இல்லையென்றால் செய்யப்படவே இல்லை. இவ்வளவுக்கும் தாங்களாகவே முன்வந்து தரவைக் கொடுக்கிற, அக்கறையுள்ள நிறுவனங்களின் கணக்கு இது. கொடுக்காதவர்கள் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். நாங்கள் பராமரித்த விமானங்களின் என்ஜின் விவரத்தை ஒழுங்காக எடுப்போம். வெப்பநிலை, சுழல் வேகம், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, என்ஜின் தயாரிப்பாளரின் திட்டத்துக்கு அனுப்புவோம். கோடு கொஞ்சம் மேலே ஏறினாலும் மெயில் வந்துவிடும்: "பார்க்கவும், விளக்கவும்." முதலாளிக்கும் அதில் அக்கறை உண்டு. என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்தால் கோடிக்கணக்கில் செலவு. அதே விமானத்தில் வேகம், உயரம், இறங்கும் கோணம் எல்லாமும் பதிவாகின்றன. கார்மின் நிறுவனத்தின் மின்னணுக் காக்பிட் பொருத்திய சிறிய ஜெட்களில் ஒரு எஸ்.டி. அட்டையிலேயே கிடைக்கும், கழற்றி லேப்டாப்பில் போட்டால் போதும். ஆனால் போன வாரம் மழையில் இறங்கியபோது ஓடுபாதையில் எங்கே சக்கரம் தொட்டது, எவ்வளவு வேகத்தில் தொட்டது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பழுது வந்தால் மட்டும் அந்தப் பதிவு தேவைப்படும்.

ஏர்லைனில் நிலைமை வேறு. அங்கே பயணப் பதிவுகள் கணினிக்குப் போகின்றன. அதிக வேகத்தில் இறங்கினால், அழுத்தமாகத் தரை தொட்டால், பாதுகாப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். கேப்டன் எவ்வளவு சீனியராக இருந்தாலும் போய் உட்கார்ந்து பேச வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இந்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குவது 27,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள வர்த்தக விமானங்களுக்குத்தான். லியர்ஜெட் 45 என்கிற சிறிய ஜெட் முழுச் சுமையோடும் 10,000 கிலோவைத் தொடாது. கிங் ஏர் சி-90 ஐந்து டன்னுக்கும் கீழே. நம் ஊரில் தொழிலதிபர்களும் அமைச்சர்களும் நோயாளிகளும் போகிற விமானங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவை. எடை குறைந்தால் விமானி குறைவாகத் தவறு செய்வார் என்று யார் சொன்னது?

பயிற்சி விஷயத்திலும் இதே கதைதான். ஒரு சுவாரசியமான விவரம் சொல்ல வேண்டும். சிமுலேட்டர் பயிற்சியை ஒரு தொழிலாக வளர்த்த ஃப்ளைட் சேஃப்டி நிறுவனத்தை 1951-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் தொடங்கியவர் ஆல் யுல்ட்ஷி. பான் ஆம் விமான நிறுவனத்தின் தலைவருக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு முறையான பயிற்சி இல்லை என்று பார்த்துத்தான் ஆரம்பித்தார். ஆக, இந்தத் துறைக்காகவே பிறந்த ஏற்பாடு அது. இன்று அதே துறையில் பாதிப் பேர் அதை லைசென்சைப் புதுப்பிக்கும் சடங்காக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் விமானிகளைச் சிமுலேட்டருக்குத் துபாய் அனுப்புவார்கள், சில வகைகளுக்கு அமெரிக்கா. டாலரில் கட்டணம், ஓட்டல், டிக்கெட். விமானமும் அத்தனை நாள் சும்மா நிற்கும். அதனால் "போனோமா, முடித்தோமா, வந்தோமா" என்றுதான் முதலாளி நினைப்பார். அங்கே என்ன வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். டேக்-ஆஃப் ஓட்டத்தில் குறிப்பிட்ட வேகம் தொட்டதும் ஒரு என்ஜின் நிற்கும், ஒரு தீ எச்சரிக்கை வரும், ஒற்றை என்ஜினோடு ஓர் இறக்கம். கைடு மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி, நம்மவர்கள் அதைப் பிரமாதமாகச் செய்துவிட்டு வருவார்கள். என் காலத்தில் நான் பார்த்த விமானங்களில் டேக்-ஆஃபின்போது என்ஜின் நின்றதே இல்லை. மழையில் ஈரமான ஓடுபாதை, பின்னாலிருந்து தள்ளும் வால்காற்று, கொஞ்சம் அதிக வேகம், "பரவாயில்லை, இறங்கிடலாம்" என்கிற மனசு, இவை வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். வணிக ஜெட் விபத்துகளில் ஓடுபாதையை விட்டு விலகுவது, தாண்டி ஓடுவது போன்றவைதான் அடிக்கடி நடப்பவை. 2023 செப்டம்பர் 14-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு லியர்ஜெட் 45, மும்பையில் கனமழையில் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. பார்வைத் தூரம் 700 மீட்டர் என்று அப்போது அறிவித்தார்கள். உள்ளே இருந்த 8 பேரும் பிழைத்தார்கள். அந்த விமானத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று புரியும்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி ஓடுபாதை நீட்டப்படுவதற்கு முன்பு சுமார் 1,350 மீட்டர்தான் இருந்தது. அங்கே வடகிழக்குப் பருவமழையில் ஒரு ஜெட்டை இறக்குவது எப்படி என்று துபாயில் யாராவது ஓட்டிப் பார்த்தார்களா? சிமுலேட்டரில் ஓடுபாதை நீளத்தையும் காற்றையும் ஈரத்தையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளரிடம் "நாங்கள் அடிக்கடி போகும் ஊர்கள் இவை, இப்படி வைத்துக் கொடுங்கள்" என்று நிறுவனம் கேட்க வேண்டும். கேட்பதற்கு, தன் விமானிகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். தெரிய, பதிவைப் படிக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

காக்பிட்டில் இரண்டாவது இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 மே 15 அன்று நியூயார்க் அருகே டீட்டர்போரோவில் ஒரு லியர்ஜெட் 35ஏ விழுந்தது. பயணிகள் இல்லை, விமானிகள் இருவரும் இறந்தார்கள். ஒரு ஓடுபாதையை நோக்கி வந்து, பிறகு வளைந்து வேறு ஓடுபாதையில் இறங்க வேண்டிய முறை அது. ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. அவர் ஓட்டவே கூடாது என்று அந்த நிறுவனம் வைத்திருந்த நிலையில் இருந்தவர். கேப்டன் வழி நெடுகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். முன்கூட்டித் திட்டமிடவில்லை, இறங்குவது எப்படி என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு திரும்பினார்கள். வேகம் குறைந்து, தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழுந்தது. சுற்றி வந்து இறங்கும் அந்த முறையில் இருவருமே பயிற்சியில் தடுமாறியவர்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. பயிற்சிக் கோப்பில் எழுதியிருந்தது யாருக்கும் பயன்படவில்லை.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 2015 நவம்பரில் ஒஹையோவின் ஆக்ரனில் ஒரு ஹாக்கர் ஜெட் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு விமானிகளும் முந்தைய நிறுவனங்களால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். விமானியின் பழைய பதிவுகளைப் புது முதலாளி பார்க்கும்படியான ஒரு மின்னணுத் தரவுத்தளத்தை அமெரிக்கா 2021-இல் விதியாகவே கொண்டுவந்தது. சார்ட்டர் நிறுவனங்களில் நம் ஊரில் ஆள் எடுக்கும் முறை எனக்குத் தெரியும். ஒரு போன், "ஆள் எப்படி?" "நல்ல பையன் சார்." முடிந்தது.

துணை விமானி என்றால் நம் பக்கம் பெரும்பாலும் லைசென்ஸ் வாங்கி, லட்சக்கணக்கில் கடன் வைத்துக்கொண்டு, பறக்கும் மணிகளுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. பக்கத்தில் அறுபதைத் தொடும் கேப்டன், விமானப் படையிலிருந்து வந்தவராக இருக்கலாம். "சார், வேகம் அதிகம்" என்று அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா? எனக்குத் தெரிந்த ஒரு நல்ல கேப்டன், ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் கோ-பைலட்டிடம் சத்தமாகச் சொல்வார்: "ஆயிரம் அடியில் எல்லாம் சரியாக இல்லை என்றால் நீ 'கோ-அரவுண்ட்' என்று சொல். நான் ஏன் என்று கேட்க மாட்டேன், மேலே தூக்கிவிடுவேன்." அவரோடு பறந்த பிள்ளைகள் இன்று ஏர்லைனில் நல்ல கேப்டன்கள். இதைத் தனிமனிதரின் நல்ல குணமாக விட்டுவிடக் கூடாது. சிமுலேட்டரில் கோ-பைலட் குரல் கொடுக்கிறாரா, கேப்டன் கேட்கிறாரா என்பதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். ஏர்லைன்கள் அந்தத் திசையில் எப்போதோ நகர ஆரம்பித்துவிட்டன.

இனிப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். 2001 மார்ச் 29, அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்பன். மலைகளுக்கு நடுவே உள்ள விமான நிலையம், இரவில் இறங்கக் கட்டுப்பாடு. வாடகைக்கு எடுத்த கல்ஃப்ஸ்ட்ரீம்-3 தாமதமாகக் கிளம்பியது. வேறு ஊருக்குப் போக நேரலாம் என்று கேட்டதும் வாடகைக்கு எடுத்தவர் கோபப்பட்டார். இறங்கும் நேரத்தில் பயணி ஒருவர் காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பனிமூட்டமும் இருட்டும் சேர, மலைச்சரிவில் மோதி 18 பேர் இறந்தார்கள். வாடிக்கையாளர் கொடுத்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையிலேயே எழுதினார்கள்.

நம் நாட்டில் பட்டியல் போடத் தேவையில்லை. 2001-இல் மெயின்புரி அருகே மாதவராவ் சிந்தியா போன கிங் ஏர், 2009-இல் நல்லமலைக் காட்டில் முதல்வர் ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டர். ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்காகவும் கீழே கூட்டம் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கும்போது விமானி மனதில் என்ன ஓடும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். வானிலை சரியில்லை என்று எங்கள் கேப்டன் ஒருவர் கிளம்ப மறுத்தார். பத்து நிமிடத்தில் முதலாளியின் செயலர் நேராக அவர் செல்போனுக்கே கூப்பிட்டார். "உங்களால முடியாதுன்னா வேற கேப்டனை ஏற்பாடு பண்ணிக்கிறோம்." அவர் கிளம்பவில்லை. அடுத்த மாதம் அவருக்கு அங்கே வேலையும் இல்லை. இன்னொரு நிறுவனத்தில், ஒரு கேப்டன் கன்ட்ரோல் சோதனை செய்வதே இல்லை என்று மேலாளரிடம் சொன்னேன். "அவர் பெரியவருக்கு வேண்டியவர், விடுங்க சார்" என்றார். பாதுகாப்பு மேலாண்மைக் கையேடு அவர் மேஜை மேலேயே இருந்தது, பளபளப்பான அட்டை போட்டு.

அமெரிக்காவில் சார்ட்டர் நிறுவனங்கள் அனைத்தும் 2027 மே மாதத்துக்குள் பாதுகாப்பு மேலாண்மை முறையைக் கொண்டுவர வேண்டும் என்று 2024-இல் விதி போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முதலாளி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம் அதில் வராது. பெட்ஃபோர்டில் எரிந்தது அந்த ரகம்தான். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) இதில் அமெரிக்காவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பறந்தாலும் சொந்தமாகப் பறந்தாலும், பதிவுக் கருவி உள்ள ஜெட் என்றால் மாதம் ஒரு முறை தரவை எடுத்து வெளி ஆள் ஒருவர் படிக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி போதும். எடை வரம்பெல்லாம் வேண்டாம்.

இதைச் சொன்னால் விமானிகள், "எங்களை வேவு பார்க்கிறார்கள்" என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சின்ன நிறுவனத்தில் நான்கே விமானிகள், தேதியைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும். பிடிக்காத ஆளைத் துரத்த முதலாளி இதைப் பயன்படுத்துவார். ஆகவே தரவு முதலாளி கையில் போகவே கூடாது. பல சின்ன நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது அமைப்பிடம் கொடுக்கட்டும். அங்கே பெயரை நீக்கிவிட்டு, "இந்த மூன்று மாதத்தில் ஈர ஓடுபாதை இறக்கங்களில் வேகம் அதிகம்" என்ற அளவில் திருப்பித் தரட்டும். அதை வைத்து அடுத்த சிமுலேட்டர் பயிற்சியைத் தீர்மானிக்கட்டும். தரவைக் காட்டி யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்க வேண்டும். வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்பவர் மட்டும் விதிவிலக்கு.

முதலாளிகள் செலவைச் சொல்வார்கள். அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. உள்ளே தரைவிரிப்பின் நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு விமானத்தை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்ததைப் பார்த்தவன் நான்.

ஒரு பைசா செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது முன்னால் நிற்கும் பொறியாளரோ டெக்னீஷியனோ, கன்ட்ரோல்கள் முழுக்க அசைந்ததைக் கண்ணால் பார்த்து, புறப்பாட்டுத் தாளில் நேரத்தோடு ஒரு டிக் போட வேண்டும். டிக் இல்லை என்றால் சக்கரக் கட்டையை எடுக்கக் கூடாது. பின்வால் கண்ணுக்குத் தெரியாத ரகங்களில் ஹெட்செட் போட்ட இன்னோர் ஆள் பக்கவாட்டில் நிற்கட்டும். கேப்டன்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

தங்களுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமானத்தை வாடகைக்கு எடுக்கிறவர்கள் இருக்கைத் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த ரக விமானத்தில் கோ-பைலட்டுக்கு எத்தனை மணி நேரம்? கடைசியாக எப்போது சிமுலேட்டருக்குப் போனார்கள், அங்கே என்ன பயிற்சி எடுத்தார்கள்? பறப்புத் தரவை யார் படிக்கிறார்கள்? வானிலை சரியில்லை என்று விமானி ரத்து செய்தால் அன்றைய சம்பளம் உண்டா? கடைசிக் கேள்விக்கு நிறுவனம் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். காசு கொடுக்கிற வாடிக்கையாளர் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லும், எங்களைப் போல் கீழே நிற்கிறவன் கேட்டால் சொல்லாது.

அடுத்த தேர்தல் வரும்போது எந்தக் கட்சி எத்தனை ஹெலிகாப்டர் எடுத்தது, என்ன வாடகை என்று எப்படியும் தங்கள் நிருபர்கள் எழுதுவார்கள். கூடவே, மேகம் கவிந்த நாளில் "இன்றைக்கு முடியாது" என்று சொல்லும் அதிகாரம் விமானிக்கு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று அந்தக் கட்சி அலுவலகங்களிலும் வாடகைக்கு விடும் நிறுவனங்களிலும் கேட்டு, வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
குரோம்பேட்டை, சென்னை.